வலக்கண்ணில் குளுக்கோமா, முகத்தில் சிவப்புப் படை, 8 மாதப் பிள்ளை: ஒப்பரேஷன் பற்றித் தெரிஞ்சவை சொல்லுங்கோ

தெஹிவளை அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தப் பக்கத்துக்குப் புதுசு. என்ர மகளுக்கு இப்ப 8 மாதம். பிறக்கேக்கயே நெத்தியில தொடங்கி வலது மேல் இமையைப் பிடிச்சு கன்னம் வரைக்கும் சிவப்புப் படை இருந்தது. 5 மாதத்தில இடது கை மட்டும் இழுத்து இழுத்து வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்திட்டு ஸ்டர்ஜ்-வெபர் சின்ட்ரோம் எண்டு சொன்னவை, முகம், மூளை, கண்ணில இருக்கிற இரத்தக் குழாயளைப் பிடிக்கிற பிறவி நோயாம். அதுக்கு லெவெடிரசிட்டாம் சிரப் குடுக்கிறம். வலிப்பு இப்ப கட்டுப்பாட்டில இருக்குது.

பிரச்சினை கண். காலி வீதிப் பக்கம் பகலில தூக்கிக்கொண்டு போனா முகத்தை என்ர தோளுக்குள்ள புதைச்சுப்போடுவாள். வலது கண்ணால தண்ணி வடிஞ்சுகொண்டே இருக்கும். இடதை விட வலது கண் பெரிசு. சொந்தக்காரர் எல்லாரும் "முழிக்கண்ணி, மகாலட்சுமி மாதிரி கண்" எண்டுதான் கொஞ்சினவை. ஒரு தனியார் இடத்தில காட்டினனாங்கள். கண்ணீர்க் குழாய் அடைப்பு எண்டு சொல்லி மூக்கடியில தடவிவிடச் சொன்னவை. ரெண்டு மாதம் அதிலயே போட்டுது.

இப்ப மயக்கம் குடுத்து முழுசாப் பாத்திருக்கினம். பிரஷர் வலது கண் 28, இடது கண் 12. கருவிழி அகலம் வலது 13 மில்லிமீற்றர், இடது 11. குளுக்கோமா, கண்ணுக்குள்ள பிரஷர் கூடி பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய், ஒப்பரேஷன் செய்யத்தான் வேணும் எண்டு சொல்லிப்போட்டினம்.

வீட்டில ஆளுக்கொரு கதை. மாமியார் நான் வயித்தில பிள்ளையோட கிரகணத்தில வெளிய போனதாலதான் இந்தப் படை எண்டு சொல்லுறா. என்ர அம்மா, வலிப்பு இருக்கிற பிள்ளைக்கு மயக்கம் குடுக்கப்படாது, ஒரு வயசு முடியட்டும் எண்டுறா. இவரின்ர அண்ணா காசு அனுப்புறன், மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ எண்டுறார். எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டே ரெண்டுதான். பொறுக்கலாமா? ஒரே ஒப்பரேஷனோட முடியுமா?

கொலன்னாவ உம்மா

தங்கச்சி, பொறுக்க வேணாம். இத முதல்ல சொல்லிட்டு மத்ததக் கதைக்கிறேன்.

எண்ட மகனுக்கு இப்ப 9 வயசு. அவருக்கு இடப் பக்கம் படை, இடக் கண். நீங்க எழுதினத வாசிக்கக்குள்ள எண்ட ஊட்டுக் கதைய யாரோ எழுதின மாதிரி இருந்திச்சு. எங்களுக்கும் பெரியவங்க ஒரு வருஷம் போகட்டும் எண்டுதான் சொன்னாங்க. கண் டொக்டர் எங்க வாப்பாவ உக்கார வெச்சு வெளங்கப்படுத்தினார். சின்னப் புள்ளட கண்ணுட சுவர் மெதுவானது, பிரஷர் கூடினா அது இழுபடும். மூணு வயசு வரைக்கும் அப்படி இழுபடலாம், இழுபட்டது திரும்பச் சுருங்கி வாறது பெரும்பாலும் இல்ல. கண் நீளமாகினா பெரிய மைனஸ் கண்ணாடி. கருவிழிட உள் தோல் வெடிச்சா கோடு விழும். அதுக்குள்ள மூளை அந்தக் கண்ண விட்டுட்டு மத்தக் கண்ணால மட்டும் பாக்கப் பழகிரும். ஒரு மாசம் எண்டாலும் அது ஒரு மாசத்துப் பார்வை.

உங்கட ரெண்டாவது கேள்விக்கு, எங்களுக்கு ஒண்டோட முடியல்ல. முதல் ஒப்பரேஷன் ஒண்டர வருஷம் பிடிச்சிச்சு. பொறகு பிரஷர் ஏறினதும் வேற மாதிரி ஒண்டு செஞ்சாங்க. இப்ப ஒரு ட்ரொப்ஸோட 14, 15ல நிக்குது. அல்ஹம்துலில்லாஹ், கண்ணாடியோட கரும்பலகை வாசிக்கிறார்.

நடத்துனர்

வழமையான வேண்டுகோள்: பிள்ளையின் படம், கிளினிக் கொப்பியின் படம், வைத்தியர்களின் பெயர் இங்கே வேண்டாம். அனுபவத்தை எழுதுங்கள். மருந்தின் அளவை மட்டும் யாரும் யாருக்கும் எழுத வேண்டாம்.

கண்வாட்டு

நான் கண் மருத்துவப் பயிற்சியில் இருக்கும் வைத்தியன். பிள்ளையைப் பார்த்தவன் நானில்லை, எனவே எந்தச் சத்திரசிகிச்சை என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. உங்கள் வைத்தியர் சொல்வது விளங்குவதற்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்த 28. மயக்க மருந்துகளில் அநேகமானவை கண் அழுத்தத்தைக் குறைத்துத்தான் காட்டும், கெட்டமின் போன்ற ஒன்றிரண்டு விலக்கு. மயக்கத்தில் 28 என்றால் விழித்திருக்கும்போது அதற்கு மேல் இருந்திருக்கக்கூடும். ஒரு வயதுக்கு முன் கருவிழி 12 மில்லிமீற்றரைத் தாண்டினாலே நாங்கள் யோசிப்போம். உங்கள் மகளுக்கு 13. வெளிச்சத்துக்குக் கூசுவது, கண்ணீர் வடிவது, இமையை இறுக்கி மூடுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் கண்ணீர்க் குழாயை மட்டும் நினைத்து விடவே கூடாது. குழாய் அடைப்பில் தண்ணீர் வடியும், பூளை கட்டும். பிள்ளை வெளிச்சத்தைக் கண்டு ஒளிக்காது.

இனி இந்த சின்ட்ரோமில் குளுக்கோமா ஏன் வருகிறது என்பது. கண்ணுக்குள் எந்நேரமும் தெளிந்த நீர் சுரக்கிறது. கோர்னியாவும் (கருவிழியின் தெளிந்த முன்பகுதி) ஐரிஸும் (அதற்குப் பின்னால் உள்ள நிற வளையம்) சந்திக்கும் மூலையில் உள்ள வடிகட்டி இழையத்தால் அது கசிந்து, ஷ்லெம் கால்வாய்க்குள் போய், வெண்விழியின் மேல் ஓடும் நாளங்களில் கலக்கிறது. ஸ்டர்ஜ்-வெபரில் இரண்டு இடத்தில் பிழை வரலாம். வெள்ளவத்தைக் கால்வாயை நினைத்துப் பாருங்கள். கடலோடு சேரும் வாயில் மண் மூடிக் கிடந்தால் மழைத் தண்ணீர் போகாது. வாய் திறந்திருந்தாலும் கடல் பொங்கி மட்டம் உயர்ந்து நின்றால் அப்போதும் போகாது. கைக்குழந்தையில் வரும் குளுக்கோமாவில் பெரும்பாலும் முதலாவது பிழை: மூலை சரியாக வளரவில்லை. வளர்ந்த பிறகு வருவதில் பெரும்பாலும் இரண்டாவது: வெண்விழியில் உள்ள அசாதாரண இரத்தக் குழாய்களால் நாள அழுத்தம் கூடி நிற்கிறது. சில கண்களில் இரண்டும் உண்டு.

ஒரு ஒப்பரேஷனோடு முடியுமா என்ற கேள்விக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு வழமையாக முதலில் செய்வது மூலையைத் திறப்பது. கோர்னியா தெளிவாக இருந்தால் கண்ணுக்குள்ளிருந்து மெல்லிய கத்தியால் அந்த இழையத்தைக் கீறி விடலாம், அது கோனியோட்டமி. ஒட்டோ பார்கன் 1930களின் இறுதியில் பிரபலப்படுத்திய முறை, இன்றும் அடிப்படை அதுதான். கோர்னியா மங்கிக் கிடந்தால் உள்ளே தெரியாது, அப்போது வெளியிலிருந்து கால்வாயைக் கண்டுபிடித்துத் திறப்பார்கள், அது டிரபெக்யூலோட்டமி. இவை கண்ணின் இயல்பான வழியையே திறப்பவை, எனவே அழுத்தம் திடீரென்று அடிமட்டத்துக்கு விழும் ஆபத்துக் குறைவு. ஆனால் நாள அழுத்தம் கூடி நிற்கும் கண்ணில் மூலையை எவ்வளவு திறந்தாலும் அந்த மட்டத்துக்குக் கீழே பிரஷர் இறங்காது. சாதாரண பிறவிக் குளுக்கோமாவில் கோனியோட்டமி தரும் பலனை இங்கே அதே அளவுக்கு எதிர்பார்க்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

ஸ்காபரோ பெரியப்பா

டொக்டர் தம்பி விளக்கமா எழுதியிருக்கிறார், நன்றி. நான் பிள்ளையின்ர பெரியப்பா, காசு அனுப்புறன் எண்டு சொன்ன ஆள் நான்தான். என்ர கேள்வி இதுதான். மூலையைத் திறக்கிறது சரிவராமப் போகலாம் எண்டு தெரிஞ்சும் ஏன் அதைச் செய்யவேணும்? கண்ணுக்குள்ள இருக்கிற தண்ணியை வெளியில வடிய விடுற ரியூப்பை நேரா வைச்சா என்ன? இங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு வால்வு வைச்சு நல்லா இருக்கிறார். பிள்ளையை ரெண்டு தரம் மூண்டு தரம் தியேட்டருக்கு ஏத்துறதை நினைக்க எனக்கு நெஞ்சு பதறுது.

கண்வாட்டு

ஐயா, நியாயமான கேள்வி. அந்த ஆள் பெரியவராக இருப்பார், அவருக்கு இந்த சின்ட்ரோம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இங்கே ஆபத்து கண்ணின் பின்பக்கத்தில் இருக்கிறது.

விழித்திரைக்குப் பின்னால் கோரொயிட் என்று இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு அடுக்கு உண்டு. ஸ்டர்ஜ்-வெபர் உள்ள பலருக்கு முகத்தில் உள்ள அதே பிழை அந்த அடுக்கிலும் பரவி, அது தடித்துப் போயிருக்கும். இந்தக் குழாய்களை வெளியே இருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதே கண்ணுக்குள் உள்ள அழுத்தம்தான். டிரபெக்யூலெக்டமி (வெண்விழியில் மூடி போல வெட்டி நீருக்குப் புது வடிகால் செய்வது) செய்தோ ரியூப் வைத்தோ 30ல் இருந்த பிரஷரை ஒரே நிமிடத்தில் 5க்கு விட்டால் குழாய்களிலிருந்து நீர் கசிந்து கோரொயிட் ஊதும். அதைவிட மோசம், ஒரு குழாய் கிழிந்து மேசையிலேயே உள்ளே இரத்தம் கட்டலாம். பார்வை முழுதாகப் போகக்கூடிய சம்பவம் அது. அழுத்தம் குறைய வேண்டும், ஆனால் மெதுவாகக் குறைய வேண்டும். இந்த நோயில் சத்திரசிகிச்சை நிபுணர் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் இந்த ஒரு யோசனைதான் நிற்கிறது.

வடிகால் சத்திரசிகிச்சை செய்யவே கூடாது என்பதில்லை. தேவைப்படும்போது செய்கிறார்கள், ஆயத்தத்தோடு செய்கிறார்கள். முன்கூட்டியே பி-ஸ்கேன் (கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்) எடுத்து கோரொயிட் எவ்வளவு தடிப்பு என்று பார்ப்பார்கள். தியேட்டருக்குப் போகுமுன் மருந்தால் பிரஷரை இயன்ற அளவு இறக்குவார்கள். வெட்டும்போது கண் சப்பிப் போகாதபடி உள்ளே ஜெல் அல்லது நீர் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். மூடியை இறுக்கித் தைத்துவிட்டுப் பிறகு தையலைத் தளர்த்துவார்கள். கோரொயிட்டில் சேரும் நீர் வடிய, சிலர் வெண்விழியில் சின்ன ஜன்னல் வெட்டி வைப்பதுமுண்டு. அது எல்லாருக்கும் தேவையா என்பதில் நிபுணர்களிடையே ஒரே கருத்து இல்லை. மூலையைத் திறப்பதையும் வடிகால் வைப்பதையும் ஒரே தடவையில் செய்கிறவர்களும் உண்டு, இரண்டு பிழைக்கும் ஒரே நேரத்தில் வழி பார்க்கலாம் என்பதற்காக. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவகத்தின் அனில் மண்டல் 1999ல் கைக்குழந்தைகளில் இதை முதல் சத்திரசிகிச்சையாகச் செய்தது பற்றி எழுதியிருக்கிறார்.

ரியூப்களிலும் இரண்டு விதம். அகமட் வால்வில் ஒரு தடுப்பு இருக்கிறது, பிரஷர் கிட்டத்தட்ட 8 தொடக்கம் 12க்குக் கீழே போனால் அது மூடிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. மற்றது தடுப்பே இல்லாதது, பேர்வெல்ட் அந்த வகை. அதைக் கரையும் நூலால் கட்டி வைப்பார்கள். ஐந்தாறு கிழமையில் நூல் கரையும்போது ரியூப்பின் வெளிநுனியில் உள்ள தட்டைச் சுற்றி உடம்பே ஒரு உறை கட்டியிருக்கும், அதனால் நீர் ஒரேயடியாக ஓடாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 2013ல் கொண்டுவந்த கருவியும் இந்த வகைதான். வெளிநாட்டு ரியூப்பை விட விலை பல மடங்கு குறைவு.

8 மாதப் பிள்ளைக்கு ரியூப் வைத்தால் இன்னொரு பிரச்சினையும் உண்டு. கண் வளரும், ரியூப் வளராது, அசையும், கோர்னியாவைத் தொடலாம். குறைந்த ஆபத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் அடுத்த படிக்குப் போவோம் என்று உங்கள் வைத்தியர் நினைத்தால் அது பயத்தால் அல்ல.

மதுரை, ஹைதராபாத் இரண்டும் பெரிய இடங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பிள்ளைக்கு முதல் மாதங்களில் அடிக்கடி பார்க்க வேண்டும், இரவில் கண் சிவந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது, பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. முதலில் இங்கே உள்ள சிறுவர் கண் நிபுணரிடம் எல்லாவற்றையும் கேளுங்கள். அனுப்ப வேண்டிய கட்டம் வந்தால் அவரே சொல்வார்.

ஸ்காபரோ பெரியப்பா

விளங்குது தம்பி. ரியூப் பற்றி இனிக் கேக்க மாட்டன். காசை அங்க பக்கத்திலேயே நிண்டு பாக்கிற செலவுக்கு வைச்சுக்கொள்ளட்டும். மூண்டு மாதத்துக்கு அவையின்ர வீட்டு வாடகையை நான் பாக்கிறன், அவர் வேலைக்கு லீவு போட்டு பிள்ளையோட நிக்கட்டும்.

தியேட்டர் மிஸ்

நான் தியேட்டரில வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி. சத்திரசிகிச்சையை டொக்டர் சொல்லிட்டார். மயக்கத்தைப் பற்றி நான் சொல்லுறன், ஏனெண்டா தாய்மார் பயப்படுறது அதுக்குத்தான்.

வலிப்பு இருக்கிற பிள்ளைக்கு மயக்கம் குடுக்கலாம். குடுக்கிறவருக்கு விஷயம் முழுக்கத் தெரிஞ்சிருக்க வேணும், அவ்வளவுதான். மயக்க டொக்டர் முதல் நாள் பாக்க வருவார். அவரிட்ட கண்ணை மட்டும் சொல்லிப்போட்டு விடாதேங்கோ. ஸ்டர்ஜ்-வெபர் எண்ட பேரைச் சொல்லுங்கோ. கடைசியா வலிப்பு எப்ப வந்தது, என்ன சிரப், எத்தனை மணிக்கு எண்டு சொல்லுங்கோ. ஒப்பரேஷன் காலையில வலிப்பு மருந்தை விடுறதா குடுக்கிறதா எண்டு அவரிட்டயே கேளுங்கோ. பொதுவா விடச் சொல்ல மாட்டினம், ஆனா அவரின்ர வாயால கேக்க வேணும். பிள்ளையின்ர வாய்க்குள்ள, முரசில, அண்ணத்தில சிவப்பு இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தா கட்டாயம் சொல்லுங்கோ, மூச்சுக்குக் குழாய் வைக்கேக்க அந்த இடத்தில இரத்தம் கசியலாம்.

அடுத்தது பட்டினி. தாய்ப்பால் 4 மணித்தியாலம், மாப்பாலும் கஞ்சியும் 6 மணித்தியாலம், வெறும் தண்ணி பொதுவா 2 மணித்தியாலம் வரைக்கும். இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், உங்கட வாட்டில சொல்லுறதைச் செய்யுங்கோ. ஆனா தேவைக்கு மேல பட்டினி போடாதேங்கோ. இந்தப் பிள்ளையளுக்கு உடம்பில தண்ணி வத்தினா மூளைப் பக்கமும் தொந்தரவு வரலாம், வலிப்பும் வரலாம். லிஸ்டில முதல் ஆளாப் போடுவினமோ எண்டு மரியாதையாக் கேளுங்கோ. பிந்தினா சேலைன் ஏத்தச் சொல்லிக் கேளுங்கோ. கேட்டா ஆரும் கோவிக்க மாட்டினம்.

கொலன்னாவ உம்மா

மிஸ் சொன்னது அப்படியே சரி. ஒப்பரேஷனுக்குப் பொறகு ஊட்டுல செய்யுறதயும் சொல்லிடுறேன். கண்ணுக்கு மேல ஓட்ட போட்ட பிளாஸ்டிக் மூடி ஒண்டு ஒட்டி விடுவாங்க. புள்ள அத ஒரு நிமிஷத்துல பிச்சிரும். நாங்க கார்ட்போட்ட முழங்கை நீளத்துக்கு வெட்டி, உள்ளுக்குப் பஞ்சு வெச்சு, பழைய பருத்தித் துணியால சுத்தி ரெண்டு கையிலயும் கட்டினோம். கை மடங்காது, முகத்துக்கு எட்டாது, ஆனா விளையாடலாம். ராவைக்கும் அப்படித்தான். தூங்கினா கழட்டிட்டு நான் பக்கத்துல முழிச்சிருப்பேன், பொறகு எண்ட தாத்தா (அக்கா) முழிச்சிருப்பா.

முக்கி அழ விடாதீங்க, இருமல் இருந்தா, மலம் இறுகினா முதல்லயே டொக்டருக்குச் சொல்லுங்க. முக்கினா தலைப் பக்கம் நாளம் பொங்கும், அது முதல் நாட்கள்ள இந்தக் கண்ணுக்கு நல்லமில்ல எண்டு எங்களுக்குச் சொன்னாங்க. ட்ரொப்ஸ் போடக்குள்ள கண்ணுட மூக்குப் பக்க மூலைய ஒரு நிமிஷம் விரலால அமத்திப் பிடிங்க, மருந்து தொண்டைக்குப் போகாது.

தெஹிவளை அம்மா

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. அம்மா மிஸ்ஸின்ர பதிலை வாசிச்சிட்டு ஒண்டும் பேசேல்லை, பிறகு வந்து எப்ப திகதி எண்டு கேட்டா. பெரியப்பாவும் விளங்கிக்கொண்டார்.

ரெண்டு கேள்வி இருக்குது. ஒப்பரேஷன் வரைக்கும் பிரஷர் குறைக்கிற ட்ரொப்ஸ் ரெண்டு, டிமொலோலும் டோர்சொலமைட்டும், போடச் சொல்லியிருக்கினம். பக்கத்து வீட்டு ஐயாவும் குளுக்கோமாக்காரர், தன்ர பிரிமொனிடின் நல்லா வேலை செய்யுது, கேட்டுப் பாருங்கோ எண்டார். மற்றது, கிரகணக் கதை. மாமியார் என்னை ஏசிறதுக்குச் சொல்லேல்லை, அவ அதைத்தான் நம்புறா. அவவுக்கு என்ன சொல்லுறது?

கண்வாட்டு

பிரிமொனிடினை உங்கள் மகளுக்குக் கிட்டவும் கொண்டு போகாதீர்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது கூடாது. மூளைக்குள் போய் ஆழ்ந்த மயக்கத்தையும் மூச்சுத் தடையையும் கொடுக்கலாம். டிமொலோல் கூட கைக்குழந்தையில் மூச்சையும் இதயத் துடிப்பையும் குறைக்கலாம், அதனால்தான் குறைந்த செறிவில், கவனத்தோடு தருவார்கள். போட்ட பின் பிள்ளை வழமைக்கு மாறாகச் சோர்ந்தால், மூச்சு விட்டு விட்டு வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். ட்ரொப்ஸ் இப்போது நேரம் வாங்கித் தருகிறது, சத்திரசிகிச்சைக்குப் பதிலாக அல்ல.

இன்னொன்று: வலிப்புக்கு எப்போதாவது டொபிரமேட் தொடங்கினால் கண் வைத்தியருக்கும் சொல்லுங்கள். சிலருக்கு அது கண்ணின் மூலையைத் திடீரென்று மூடச் செய்து பிரஷரை ஏற்றும்.

மாமியாருக்கு இப்படிச் சொல்லலாம். இந்த நோயை வில்லியம் ஸ்டர்ஜ் என்ற ஆங்கில வைத்தியர் 1879ல் ஒரு சிறுமியில் விவரித்தார்: முகத்தில் படை, பெருத்த கண், உடம்பின் ஒரு பக்கத்தில் வலிப்பு. மூன்றையும் ஒரே காரணத்தால் கோத்துப் பார்த்தது அவர்தான். பார்க்ஸ் வெபர் பின்னர் 1922ல் மூளையின் மாற்றங்களை எக்ஸ்-ரேயில் காட்டினார். காரணம் 2013ல்தான் தெளிவாகத் தெரிந்தது. கரு வளரத் தொடங்கிய பிறகு, ஒரு கலத்தில், ஜி.என்.ஏ.கியூ என்ற மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறுகிறது. அந்தக் கலத்தின் வழியில் வரும் இரத்தக் குழாய்களில் மட்டும்தான் பிழை. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வருவதில்லை. நீங்கள் சாப்பிட்டதாலோ, வெளியே போனதாலோ, பார்த்ததாலோ வருவதில்லை. அடுத்த பிள்ளைக்கும் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை.

தெஹிவளை அம்மா

கடைசி வரியை நானும் மாமியாரும் சேந்து வாசிச்சனாங்கள். அவ பிள்ளையைத் தூக்கி வைச்சுக்கொண்டு அடுத்ததுக்கு வராதாம் எண்டு இவருக்குப் போன் எடுத்துச் சொன்னா.

ஹட்டன் பொடியன்

அக்கா, நான் இந்த நோயோட வளந்தவன். ஊரு ஹட்டன், இப்ப புறக்கோட்டை கெய்சர் வீதியில துணிக்கடையில வேலை. பெத்தவங்க எழுதுறாங்க, நோயாளி பக்கமிருந்தும் ஒருத்தன் எழுதணும்னு தோணிச்சு.

எனக்கு சின்ன வயசுல கண்ணுல ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க. அதோட செக்கப்புக்கு போறத விட்டுட்டோம். எஸ்டேட்லயிருந்து வர்றது சும்மாவா, ஒரு நாள் சம்பளம் போயிரும். 13 வயசுல ஸ்கூல்ல கண்ணு பாக்க வந்தவங்கதான் இடது கண்ணு மங்கலா இருக்குன்னு புடிச்சாங்க. வலி கெடையாது, செவப்பு கெடையாது, கண்ணு பெருசாகவும் இல்ல. பாத்தா பார்வை நரம்புல பெரிய பங்கு போயிருச்சு. கூட்டத்துல நடந்தா இடது பக்கம் ஆளு வர்றது இன்னைக்கும் தெரியாது, மூட்டை தூக்கிட்டு வர்ற ஆளுங்க மேல இடிப்பேன்.

கொஞ்ச வருசம் ட்ராப்ஸ்ல ஓடிச்சு. 2022ல மருந்து தட்டுப்பாடு வந்தப்ப ஒவ்வொரு பார்மசியா ஏறி எறங்குனேன். கெடைக்காத மாசங்கள்ல பிரஷர் ஏறிருச்சு. அப்புறம்தான் ட்யூப் வெச்சாங்க, நூல் கட்டி வெக்கிற வகை. நூல் கரைஞ்ச கெழமையில ஒரு நாள் காலையில எந்திரிச்சா ஓரத்துல கருப்பு திரை மாதிரி. போனேன். கோரொயிட் ஊதியிருக்குன்னு சொல்லி அட்ரொபினும் ஸ்டெரொய்டும் போட்டாங்க, மெதுவா வத்திருச்சு. இது நடக்கலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்ததால நான் பயப்படல, அதே நாள் போனேன். உங்க டாக்டர்கிட்டயும் என்னென்ன நடக்கலாம்னு முன்னாடியே கேட்டு எழுதி வெச்சிக்கங்க.

மகளோட இடது கண்ணையும் விட்றாதீங்க. படை வலது பக்கம்தான்னாலும் ரெண்டையும் பாக்கச் சொல்லுங்க.

கண்வாட்டு

தம்பி எழுதியது முக்கியம். இந்த சின்ட்ரோமில் குளுக்கோமா வருபவர்களில் கிட்டத்தட்ட 60 வீதத்தினருக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் வருகிறது, மற்றவர்களுக்குப் பள்ளிப் பருவத்திலோ அதற்குப் பிறகோ. கண் இழுபடும் வயது கடந்து விட்டால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

தெஹிவளை அம்மா

ஒப்பரேஷன் முடிஞ்சுது. கோர்னியா கொஞ்சம் மங்கலா இருந்தபடியால் வெளியில இருந்து மூலையைத் திறந்திருக்கினம். முதல் ஆளாத்தான் எடுத்தவை. வாய்க்குள்ள முரசில சிவப்பு இருந்ததை நான் சொன்னதும் மயக்க டொக்டர் டோர்ச் அடிச்சுப் பாத்து கொப்பியில எழுதினார். வலிப்பு வரேல்லை.

வலது கண் பிரஷர் இப்ப 15. கருவிழி தெளிஞ்சு வருகுது. நேற்று பின்னேரம் பல்கனியில வெளிச்சத்தில வைச்சிருந்தன், முகத்தைத் திருப்பாமல் காகத்தைப் பாத்துக்கொண்டிருந்தாள். பிரஷரால பார்வை நரம்பில விழுந்த குழிவு சின்னப் பிள்ளையளில திரும்பக் குறையலாம் எண்டும் டொக்டர் சொன்னவர். அடுத்த தரம் மயக்கத்தில பாக்கேக்க தெரியுமாம். இது பிடிக்காமப் போனா அடுத்தது என்ன எண்டும் கேட்டு எழுதி வைச்சிருக்கிறன்.

வலது கண் பாக்கப் பழகட்டும் எண்டு இடது கண்ணை மூடி பட்ச் போடச் சொல்லியிருக்கினம், ஒரு நாளைக்கு கொஞ்ச நேரம். போட்ட உடனே வீரிடுறாள். என்ன செய்யிறது?

கொலன்னாவ உம்மா

மாஷா அல்லாஹ்! பட்ச்ச தூங்கி எழும்பின உடனே போடாதீங்க, பசியில போடாதீங்க. சாப்பாடு குடுக்கக்குள்ள போடுங்க. அவளுக்கு ஆசையான சாமான் அந்த நேரத்துக்கு மட்டும் எடுத்துக் குடுங்க. எங்கட மகனுக்கு கறுப்பு வெள்ளக் கட்டம் போட்ட துணி, அத ஆட்டினா அழுகைய விட்டுட்டு அதப் பாப்பார். ஒட்டுற இடத்துல படை இருந்தா தோல் உரியும், டொக்டர்ட்ட கேட்டு வேற வகை வாங்குங்க. ஒப்பரேஷன் பாதி, பட்ச் பாதி எண்டு எங்கட கிளினிக் மிஸ் சொல்லுவா.

நீர்கொழும்பு அப்பா

இந்த இழையை முதலிலிருந்து வாசித்தேன். எங்கள் மகனுக்கு 3 மாதம், நெற்றியிலும் மேல் இமையிலும் படை. கண் பெருக்கவில்லை, கண்ணீர் இல்லை, வலிப்பு இல்லை. தோல் வைத்தியர் படைக்கு லேசர் செய்யலாம் என்கிறார். கண் வைத்தியரிடம் யாரும் அனுப்பவில்லை. போக வேண்டுமா?

கண்வாட்டு

போக வேண்டும், இந்தக் கிழமையே. நெற்றியும் மேல் இமையும் சேர்ந்த படை இருந்தால் கண்ணையும் மூளையையும் பார்ப்பது கட்டாயம், அறிகுறி வரும்வரை காத்திருப்பதில்லை. சிறுவர் வைத்தியரிடம் கேட்டுக் கண் கிளினிக்குக்கு ஒரு கடிதம் வாங்குங்கள். 3 மாதப் பிள்ளையைப் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது மயக்கமில்லாமலே கைக்கருவியால் பிரஷர் பார்க்க முடியும், எனவே பசியோடு கொண்டு போய் அங்கே பால் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் முதல் வருடத்தில் வழமையாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள், பிறகு இடைவெளி கூடும், ஆனால் நிற்காது. லேசர் தோலுக்கு நல்லது, கண் குளுக்கோமாவை அது தடுக்காது. கண் பார்த்த பிறகு தோல் வைத்தியரிடம் போங்கள், லேசர் செய்யும்போது இமைக்குள் வைக்கும் உலோகக் கவசம் போடுவார்களா என்றும் கேளுங்கள்.

நீர்கொழும்பு அப்பா

நாளைக் காலை சிறுவர் வைத்தியரிடம் போகிறோம். கடிதம் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.